காலை பதினோரு மணிக்கு

ராத்திரியில் பயமில்லாத இடமா என்று
பார்த்துக்கொள் என்கிறார்கள் எல்லோரும்.
ராத்திரியில் நான் அங்கே இருக்கவே மாட்டேனே.
நாலாம் வார்டில்
டிரிப்ஸ் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.
எனக்குத் தெரிய வேண்டியது பகலைப் பற்றி.
அதை யாரிடம் கேட்பது?

மரிசெல் சொன்னாள்: வெட்டிங் போ, வாடகை குறைவு.
டிலெக் சொன்னாள்: அங்கே போகாதே,
எங்கள் ஆட்கள் வீட்டில் கல்யாணம் என்றால்
சனிக்கிழமை முழுக்கக் கார் ஹாரன்தான்.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
தென்காசியிலிருந்து காசிராமன் கேட்டார்:
பொன்னி அரிசி கிடைக்குமா,
பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரமா,
நம்ம ஆட்கள் உண்டுமா.
அவர்களுக்கு விசா வர இன்னும் எட்டு மாதம்.
கேள்விகள் மட்டும் முன்னால் வந்துவிட்டன.

ஷிப்ட் முடித்து வளைய ரயிலில் ஏறினேன்.
பெர்லினைச் சுற்றி வர ஒரு மணி நேரம்.
கிரிவலம் போலத்தான்,
நடுவில் மலை மட்டும் இல்லை.
ஒரு நாளைக்கு ஒரு நிறுத்தம்.
இறங்கி, ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து
கண்ணை மூடிப் பார்ப்பேன்.
இடம் பார்க்க வந்தவள் கண்ணை மூடுவாளா
என்று நீங்கள் கேட்கலாம்.

பிரென்ஸ்லாவர் பெர்க்கில்
சந்தன நிறச் சுவர்கள், ஆள் அரவமற்ற தெரு.
இடைவேளை மணி அடித்தது,
முந்நூறு பிள்ளைகள் ஒரே தொண்டையில்.
லிஷ்டன்பெர்க்கில் டிராம் திரும்புகிற முக்கு.
இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம்
என் பல்லுக்குள் இறங்கியது.
மோவபிட்டில் நன்றாகவே தூங்கிவிட்டேன்.
விழித்தால், ஒரு போலீஸ்காரி குனிந்து
உடம்புக்கு முடியவில்லையா என்கிறாள்.
நல்ல இடம்.
அந்தத் தெருவில் வீடு ஒன்றும் காலியில்லை.
வளையத்துக்கு வெளியே ஸ்பண்டாவ்.
அங்கே குடிபோனால் தூக்கத்தை
ரயிலிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இடையிடையே வீடு காட்டும் நாட்கள்.
படிக்கட்டு முழுக்க வரிசை,
ஆளுக்கொரு கோப்பு, சம்பளச் சீட்டு,
கடனில்லை என்கிற சான்று.
நாற்பது பேர் ஒரு குளியலறையை எட்டிப் பார்க்கிறோம்,
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.
பெண் யார் என்பதில்தான் குழப்பம்.

கடைசியில் நொய்கோல்ன்,
ஹெர்மன் தெரு, பின்கட்டு, மூன்றாம் மாடி.
முன்பு தலையை உரசி விமானம் இறங்கிய இடமாம்.
இப்போது அந்த ஓடுபாதையில் பட்டம் விடுகிறார்கள்.
வீட்டைக் காட்டிய லெம்கே
ஜன்னல் கொண்டியில் கையை வைத்தபடி தயங்கினார்.
கீழே கல்லறைத் தோட்டம்.
சிலருக்குப் பிடிப்பதில்லை, என்றார்.

மணி பதினொன்று.
யாரோ ஒருத்தர் பூவாளியைச் சாய்க்கிறார்.
மூன்று மாடி ஏறி வந்தது
அந்தத் தண்ணீர் மட்டும்.
நின்றபடியே எனக்குக் கொட்டாவி வந்தது.
லெம்கே அதைக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார்.

அழைப்புமணிப் பலகையில்
சண்பகவடிவு அடங்கவில்லை.
'சண்பக' என்பதோடு இடம் தீர்ந்தது.
மெய் இல்லாத பூ.

அதனால்தானோ என்னவோ
காசிராமனிடம் பூங்கா என்றேன்.
பெரிய பூங்கா, எலுமிச்சை மணக்கிற மரங்கள்,
சிவப்பு அணில்கூட உண்டு.
சுடுகாட்டு ஓரத்திலா பிள்ளையைப் படுக்க வைப்பாய்
என்று கேட்பார்.
எட்டு மாதம் இருக்கிறதே, மெல்லச் சொல்லலாம்.

நேற்று ஞாயிறு.
வீடியோவில் ஜன்னலைக் காட்டச் சொன்னான் பையன்.
காட்டினேன்.
அந்தக் கல்லிலெல்லாம் என்னம்மா எழுதியிருக்கு?
பெயர், என்றேன்.
இந்த ஊரில் யார் எங்கே குடியிருந்தாலும்
வெளியே பெயர் எழுதி வைக்க வேண்டும்.

அவனுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு முறை பார்த்தார்.
பிறகு,
சத்தமில்லாம இருக்குல்லா, என்றார்.

இருக்கு, என்றேன்.
திரையை இழுத்துவிட்டேன்.
எனக்கு அப்போது நடுராத்திரி.